வழி எந்தச் சொல்லில் இருக்கிறது?

ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணவனை இடறச் செய்வன அம்மொழியின் நெடுஞ்சொற்கள் அல்ல. இலத்தீனத்திலிருந்தும் பிரஞ்சிலிருந்தும் வந்து குவிந்த நாலசை, ஐயசைச் சொற்களை அவன் ஒருவாறு நெட்டுருப் போட்டுவிடுகிறான். அவனைத் திகைக்க வைப்பன 'இன்', 'அவுட்', 'அப்', 'டவுன்', 'ஆன்', 'ஆஃப்' என்னும் ஓரசைச் சிறுசொற்களே. நெடுஞ்சொல்லுக்கு அகரமுதலியில் ஒருவரி விளக்கம் கிடைத்துவிடும். 'அப்' என்பதற்கோ பத்தி பத்தியாக விளக்கம் இருக்கும். படித்து முடித்தபின் முன்னிருந்த தெளிவும் போய்விடும். 'கெட்' என்னும் ஒரே வினையை எடுத்துக்கொண்டு, அதன் பின்னே இச்சிறுசொற்களை ஒவ்வொன்றாக மாற்றி வைத்துப் பாருங்கள். உட்புகுதல், வெளிப்படுதல், எழுதல், இறங்குதல், ஏறுதல், திரும்புதல் ஆகிய அத்தனை பெயர்ச்சிகளும் அவ்வொரு வினையாலேயே சொல்லப்பட்டு விடுகின்றன. வினை மாறவில்லை, வால்தான் மாறுகிறது. பொருளின் பெரும்பகுதி அவ்வாலில்தான் இருக்கிறது.

இவ்விடர்ப்பாட்டை ஆங்கிலப் புலவரே நன்குணர்ந்திருந்தனர். 1755-இல் தம் பேரகரமுதலியை வெளியிட்ட சாமுவேல் சான்சன், அதன் முன்னுரையிலேயே, வினையின் பின் சிறுசொல் ஒட்டிப் பொருள் திரியும் இவ்வழக்கு வேறெம்மொழியினும் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயலார்க்குப் பெருந்தொல்லை தருவது இதுவே என்றும் குறித்துள்ளார். அதனாலேயே அத்தகைய கூட்டுகளை மிகக் கருத்தோடு தொகுத்ததாகவும் எழுதினார். அவர் எழுதி இருநூற்றெழுபது ஆண்டுகள் ஆகின்றன. நம் பள்ளிகளில் இன்றும் இவற்றைக் கற்பிக்கும் முறை என்ன? இடப்பக்கம் ஆங்கிலக் கூட்டுவினை, வலப்பக்கம் தமிழ்ப்பொருள் என ஐம்பது, நூறு என்று பட்டியல் இட்டு மனப்பாடம் செய்வித்தலே. தேர்வு முடிந்த மறுநாள் அப்பட்டியல் மறந்துபோம். மறவாமல் எஞ்சுவது ஆங்கிலம் நமக்கு வாராது என்னும் அச்சம் ஒன்றே.

பட்டியலால் இது விளங்காது. இதனை விளக்கவல்லது ஒரே ஒரு வினா: பெயர்ச்சியைச் சொல்லுங்கால், அம்மொழி வழியை எந்தச் சொல்லில் வைக்கிறது?

ஒருவன் குன்றின்மேல் போகிறான். அவன் போகும் வழி மேல்நோக்கியது. போகும் பாங்கு ஓட்டம். இவ்விரண்டையும் ஒரு தொடரில் சொல்லவேண்டும். ஆங்கிலன் ஓட்டத்தை வினையாக்கி, மேல்நோக்கை 'அப்' என்னும் சிறுசொல்லில் வைத்து, 'ரன் அப்' என்கிறான். தமிழனோ மேல்நோக்கை 'ஏறு' என்னும் வினையில் வைத்து, ஓட்டத்தை எச்சமாக்கி, 'ஓடி ஏறினான்' என்கிறான். அங்கே பாங்கு முற்று, வழி ஒட்டு. இங்கே வழி முற்று, பாங்கு எச்சம். கூத்தில் இருவர் இடம் மாறி நிற்பது போன்ற இம்மாற்றத்தை உள்ளத்தில் பதித்துக்கொண்டவனுக்கு நூறு கூட்டுவினைகளில் பெரும்பாலானவை தாமே விளங்கும். 'சுவிம் அக்ராசு' என்பது நீந்திக் கடத்தல். 'கிரால் இன்டு' என்பது தவழ்ந்து புகுதல். 'ரோல் டவுன்' என்பது உருண்டிறங்குதல். 'சம்ப் ஓவர்' என்பது குதித்துத் தாண்டுதல். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தின் வால் தமிழில் தலையாகிறது.

ஆங்கிலத்திற்கு இவ்வியல்பு வந்த வரலாறும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இச்சிறுசொற்களிற் பல வினைக்கு முன்னும் ஒட்டி வந்தன. வெளியே போதலை 'ஊத்-கான்' என்றும், உள்ளே போதலை 'இன்-கான்' என்றும் வழங்கினர். காலப்போக்கில் முன்னொட்டு வழக்குக் குன்றி, அவை வினைக்குப் பின்னே வந்து தனிச்சொற்களாய் நிலைத்தன. பழைய வழக்கின் எச்சம் இன்னும் பெயர்ச்சொற்களில் காணப்படும். 'இன்கம்' என்பது உள்ளே வருவது. நாம் அதனை வருவாய் என்கிறோம். (தமிழுக்கு அங்கே 'உள்' தேவைப்படவில்லை என்பதை நோக்குக. 'வா' என்னும் வினையே நம்மை நோக்கிய வழியைத் தன்னுள் அடக்கியிருக்கிறது.)

இதனிடையே 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் பிரஞ்சு புகுந்தது. கோயிலிலும் கல்விக் கூடத்திலும் இலத்தீனம் முன்னரே இருந்தது. அவ்விரு மொழிகளும் வழியை வினைக்குள்ளே வைத்திருக்கும் சொற்களை ஆங்கிலத்தில் இறக்கின. 'கோ இன்' இருக்க 'என்டர்' வந்தது. 'கோ அப்' இருக்க 'அசென்டு' வந்தது. 'கோ டவுன்' இருக்க 'டிசென்டு'ம், 'கோ பேக்' இருக்க 'ரிட்டர்ன்' என்பதும், 'கோ அவே' இருக்க 'டிபார்ட்' என்பதும் வந்தன. 'எக்சிட்' என்பதன் கதை வேறு. 'அவன் வெளியேறுகிறான்' என்று பொருள்படும் இலத்தீன முற்றுவினை அது. நாடக ஏடுகளில் நடிகன் மேடையை விட்டு நீங்கும் இடத்தைக் குறிக்க எழுதப்பட்டு, பின்னர்ப் பொதுவினையாகவும் கதவின்மேல் எழுதும் பெயராகவும் ஆயிற்று. 'அரைவ்' என்பதன் வேர்ப்பொருள் கரைசேர்தல். இன்று தொடர்வண்டியும் கரைசேர்கிறது என்பதைப் பல ஆங்கிலர் அறியார்.

ஆக, ஆங்கிலத்தில் ஒரே பெயர்ச்சிக்கு இரண்டு உடைகள். ஒன்று வீட்டுடை, மற்றொன்று அரங்குடை. தாய் குழந்தையை 'கம் டவுன்' என்றுதான் மரத்திலிருந்து இறக்குவாள். 'டிசென்டு' என்று அழைக்கும் தாய் எந்நாட்டிலும் இல்லை. 'டிசென்டு' அலுவலகத்திற்கும் அறிவியல் ஏட்டிற்கும் உரியது. ஆங்கிலத்தின் உயிர்த்துடிப்பான பெயர்ச்சிச் சொற்கள் பெரும்பாலும் அதன் சொந்தச் சொற்களாகவே இருத்தல் கருதத்தக்கது. வில்லியம் பார்ன்சு என்னும் டார்செட் நாட்டுப் பாவலரும் பள்ளியாசிரியருமானவர், ஆங்கிலத்தில் அயற்சொல்லைத் தவிர்க்கவேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர். 1878-இல் எழுதிய இலக்கண நூலுக்குக் 'கிராமர்' என்னும் கிரேக்க வழிச்சொல்லையும் ஒதுக்கி, 'சுபீச்-கிராஃப்ட்' என்றே பெயரிட்டார். அவர் புனைந்த சொற்களுள் பெரும்பாலன நிலைக்கவில்லை. ஆயினும் போதல், வருதல், ஏறுதல், இறங்குதல் ஆகிய துறையில், அவர் விரும்பியதை ஆங்கிலப் பொதுமக்கள் அவரைக் கேளாமலேயே முன்னரே செய்து முடித்திருந்தனர்.

1930-இல் கேம்பிரிட்சு அறிஞர் ஆக்டன், 850 சொற்களில் அடங்கும் 'அடிப்படை ஆங்கிலம்' ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் பதினெட்டே. பதினெட்டு வினைகளால் எங்ஙனம் எல்லாவற்றையும் சொல்ல முடியும் என்று கேட்போர்க்கு, வா, போ, இடு, எடு, கொடு, பெறு என்னும் பொருள்தரும் சில வினைகளோடு வழிகாட்டும் சிறுசொற்களைக் கூட்டினால் ஆயிரக்கணக்கான வினைகளை விலக்கலாம் என்று அவர் செய்து காட்டினார். அத்திட்டம் உலகப் பொதுமொழியாகும் என்ற அவர்தம் கனவு பலிக்கவில்லை என்பது வேறு. ஆங்கில வினையின் ஆற்றல் வினையில் இல்லை, அதன் வாலில் இருக்கிறது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டா.

இனி, மாணவன் குழம்பும் இடங்கள் சில.

இச்சிறுசொல் சிலபோது பின்வரும் பெயரோடு சேரும், சிலபோது முன்னுள்ள வினையோடு சேரும். 'ரன் அப் எ இல்' என்பதில் 'அப்' குன்றைச் சார்ந்தது. அது நம் வேற்றுமை உருபு போன்றது. 'ரன் அப் எ பில்' என்பதில் 'அப்' வினையைச் சார்ந்தது. கடன் ஏறிக்கொண்டே போகிறது என்பது பொருள். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வினையைச் சார்ந்த சிறுசொல் பெயரைத் தாண்டிப் பின்னே போய் நிற்கும். 'டேக் ஆஃப் யுவர் சூசு' என்றும் சொல்லலாம், 'டேக் யுவர் சூசு ஆஃப்' என்றும் சொல்லலாம். செருப்பைக் கழற்றுதல் என்பதே இரண்டிற்கும் பொருள். குன்றைச் சார்ந்த 'அப்' அங்ஙனம் நகராது.

'டு', 'அட்' என்னும் இரண்டிடத்தும் வழுவுவோர் பலர். பந்தை ஒருவனுக்கு 'டு' போட்டு எறிந்தால் அவன் பிடிப்பதற்காக எறிவது. 'அட்' போட்டு எறிந்தால் அவன்மேல் படுவதற்காக எறிவது. தமிழில் 'அவனிடம் எறிந்தான்', 'அவன்மேல் எறிந்தான்' என்று உருபை மாற்றியே இவ்வேறுபாட்டைக் காட்டிவிடுகிறோம். தமிழ் வழியாக விளக்கினால் ஒரு நொடியில் விளங்கக்கூடிய இதனை, ஆங்கிலத்திலேயே விளக்குவேன் என்று அடம்பிடித்து ஒருமணி நேரம் வீணாக்குவோரை என்னென்பது!

ஊர்திகளில் ஏறுதல் மற்றொரு குழப்பம். மகிழுந்தில் 'கெட் இன்'. பேருந்திலும் தொடர்வண்டியிலும் கப்பலிலும் வானூர்தியிலும் 'கெட் ஆன்'. மகிழுந்துக்குள் உடலைக் குனித்துப் புகுந்து உடனே அமர்கிறோம். ஆகவே அது ஒரு பெட்டியாகக் கருதப்பட்டு 'இன்' பெறுகிறது. பேருந்தில் ஏறியபின் நிற்கலாம், நடக்கலாம். அது ஒரு மேடையாகக் கருதப்பட்டு 'ஆன்' பெறுகிறது. குதிரைக்கும் மிதிவண்டிக்கும் 'ஆன்' வருவது சொல்லாமலே விளங்கும். தமிழன் எல்லாவற்றிலும் ஏறுகிறான், எல்லாவற்றிலிருந்தும் இறங்குகிறான்.

'அப்', 'டவுன்' என்பன எப்போதும் உயரத்தையே குறிக்கும் என்று கருதுதல் பிழை. பிரித்தானிய இருப்புப்பாதையில் இலண்டனை நோக்கிச் செல்வது 'அப்' வண்டி, இலண்டனிலிருந்து நீங்குவது 'டவுன்' வண்டி. ஆக்சுபோர்டில் படிக்கப் போகிறவன் மேலே போகிறான். ஒழுங்கீனத்தால் விலக்கப்படுபவன் கீழே அனுப்பப்படுகிறான். அவ்விடத்து உயரம் நிலத்தின் உயரம் அன்று, பெருமையின் உயரம். தமிழில் மேலும் கீழும் நிலத்தையே பற்றி நின்றன. மேற்கே மலை உயர்ந்து கிழக்கே கடல்நோக்கித் தாழும் நாட்டில் வாழ்ந்தவன், மேல் என்பதிலிருந்து மேற்கையும் கீழ் என்பதிலிருந்து கிழக்கையும் அமைத்துக்கொண்டான்.

வா, போ என்பவற்றில் தமிழும் ஆங்கிலமும் ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. தொல்காப்பியர், வருதலும் தருதலும் தன்மை முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன எனச் சொல்லதிகாரத்தில் வரையறுத்தார். அதனால்தான் கேட்போன் வீட்டிற்கு 'வருகிறேன்' என்கிறோம். ஆங்கிலனும் அவ்விடத்துக் 'கம்' என்றே சொல்கிறான். எசுபானியனை அழைத்தால், அவன் அழைத்தவரிடம் வரும்போதும் 'போகிறேன்' என்றுதான் விடை சொல்வான்.

மொழிகள் வழியை வைக்கும் இடத்தால் இருவகைப்படும் என்பதை இக்காலத்தில் விரிவாக ஆய்ந்தவர் அமெரிக்க மொழிநூலறிஞர் இலியனார்டு தால்மி. வினையைச் சூழ்ந்து நிற்கும் சிறுசொல்லை அவர் 'துணைக்கோள்' என்று அழைத்தார். ஆங்கிலம், செருமன், உருசியம் போன்றவை வழியைத் துணைக்கோளில் வைப்பன. பிரஞ்சு, எசுபானியம், அரபு முதலிய செமித்திய மொழிகள், சப்பானியம் ஆகியவை வழியை வினையிலேயே வைப்பன. இரண்டாம் வகைக்கு அவர் தரும் பட்டியலில் தமிழும் பெயர் சுட்டி இடம்பெற்றுள்ளது. ஆங்கிலத்திற்கும் பிரஞ்சிற்கும் இடையே நிகழும் இடமாற்றத்தை வினே, தார்பெல்னே என்னும் இருவர் 1958-லேயே மொழிபெயர்ப்பாளர்க்கென எழுதிய நூலில் விளக்கியுள்ளனர். பிரஞ்சுக்காரனும் ஆற்றை நீந்திக் கடப்பவனே, நம்மைப் போல.

இதனால் ஒரு மொழி உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்பதில்லை. ஆங்கிலத்திற்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு; ஒரே வினையின் பின் வழிகளை அடுக்கலாம். ஒருமுறை 'ஓடினான்' என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து வெளியே, தெருவழியே, பாலத்தின் குறுக்கே, பள்ளிக்குள்ளே என நான்கு துணைக்கோள்களைச் சுழலவிட்டால் போதும். தமிழில் வீட்டினின்று வெளிப்பட்டு, தெருவழியே ஓடி, பாலத்தைக் கடந்து, பள்ளிக்குள் நுழைந்தான் என்று ஒவ்வொரு வளைவிற்கும் ஒரு வினை வேண்டும். தமிழின் வாய்ப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. ஏறு என்பதற்கு ஏற்று, இறங்கு என்பதற்கு இறக்கு, புகு என்பதற்குப் புகுத்து, விலகு என்பதற்கு விலக்கு, நீங்கு என்பதற்கு நீக்கு, அகல் என்பதற்கு அகற்று என, தானே பெயர்தலையும் பிறிதொன்றைப் பெயர்த்தலையும் வேரிலேயே பிரித்துக் காட்டுகிறோம். ஆங்கிலன் இதற்கு வேறொரு வினையைத் தேடி, மீண்டும் அதே வாலை ஒட்டுகிறான்.

இனிச் சொல்லப்போவது நம் வீட்டுக் கேடு. இவ்விடமாற்றத்தை அறியாத மொழிபெயர்ப்பாளர், ஆங்கிலத் தொடரின் அமைப்பை அப்படியே தமிழில் இறக்கிவைக்கின்றனர். மொழிபெயர்ப்புக் கதைகளில் 'அவன் அறைக்கு வெளியே நடந்தான்' என்று படிக்கிறோம். தமிழறிந்தவன் இதற்கு என்ன பொருள் கொள்வான்? அறையின் புறத்தே அவன் உலவிக்கொண்டிருந்தான் என்றுதான். ஆசிரியன் கருதியதோ அறையை விட்டு அவன் வெளியேறினான் என்பது. 'பாம்பு புற்றுக்குள் ஊர்ந்தது' என்றால் புற்றின் உள்ளே கிடந்து ஊர்ந்ததா, ஊர்ந்து புற்றில் புகுந்ததா? 'அவள் ஆற்றின் குறுக்கே நீந்தினாள்' என்றால் மறுகரை எய்தினாளா இல்லையா? 'நீந்திக் கடந்தாள்' என்னும்போது எய்திவிட்டாள். சொல் எல்லாம் தமிழ், எழுத்துப்பிழையும் இல்லை, வடசொல்லும் ஆங்கிலச்சொல்லும் ஒன்றுகூட இல்லை. ஆனால் தொடர் தமிழன்று. அயற்சொல்லைக் களைவதில் கண்ணாயிருக்கும் நாம், அயல்தொடர் நம் சொற்களையே உடுத்துக்கொண்டு வருவதைக் காணத் தவறிவிடுகிறோம். இன்று பொறிகளைக் கொண்டு மொழிபெயர்த்து, ஒருமுறை படித்தும் பாராமல் அச்சிடும் பழக்கமும் பெருகியிருப்பதால், இத்தகைய தொடர்கள் இன்னும் விரைந்து பரவும்.

'வெளியே போனான்', 'உள்ளே வந்தான்' என்று தமிழிலும் சொல்கிறோமே எனலாம். சொல்கிறோம், அவை நல்ல தமிழ். வாவும் போவும் பாங்கு எதையும் சுட்டாமையால் உள்ளும் வெளியும் அங்கே இயல்பாகப் பொருந்துகின்றன. 'வெளியே ஓடினான்' என்பதும் வழக்கில் உண்டு, ஓடு என்பதற்கு நீங்குதற் பொருளும் இருத்தலின். நட, நீந்து, தவழ், ஊர், மித என்னும் வினைகளில்தான் கருத்தாயிருத்தல் வேண்டும். அவை பாங்கை மட்டுமே சொல்வன. எல்லை கடப்பதை அவற்றின் தலையில் ஏற்றலாகாது.

சட்டமன்றச் செய்திகளில் வரும் 'வெளிநடப்பு' என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். 'வாக் அவுட்' என்பதன் நேர்ப்பெயர்ப்பு அது. மறுப்பின் அடையாளமாக வெளியேறுதல் என்னும் தனிப்பொருளுக்கு ஒரு பெயராக அது நிலைத்துவிட்டது. அதனை இனி விலக்கவேண்டியதில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து தலைவலியால் எழுந்துபோனவனையும் 'வெளியே நடந்தான்' என்று எழுதுவது அப்பழக்கத்தின் நோய்.

இதற்கு மாறாக, கணினித்துறையில் தமிழ்ச்சொல் ஆக்கியோர் மிகச் சிறப்பாகச் செய்திருக்கின்றனர். 'அப்லோடு', 'டவுன்லோடு' என்னும் இரண்டையும் 'மேற்சுமை', 'கீழ்ச்சுமை' என்று பெயர்த்திருந்தால் எத்துணை இழிவாயிருக்கும்! அவர்கள் ஆங்கில ஒட்டை ஒட்டாக விடாமல் வினையாக்கினர். பதிவேற்று, பதிவிறக்கு என்றனர். 'அப்' என்பது ஏற்று ஆயிற்று; 'டவுன்' என்பது இறக்கு ஆயிற்று. பிறவினை வடிவத்தையும் மறவாமல் ஆண்டனர். தமிழ் விக்கிப்பீடியாவில் 'லாக் இன்' என்பதற்குப் புகுபதிகை என்றும், 'லாக் அவுட்' என்பதற்கு விடுபதிகை என்றும் வழங்குகின்றனர். புகு, விடு என்னும் வினைகளே அங்கும் வழியைத் தாங்குகின்றன. தால்மியைப் படித்துத்தான் இவற்றை ஆக்கினர் என்பதில்லை. காது தமிழ்க்காதாய் இருந்தது, அவ்வளவே.

நம் மாணவர் எழுதும் ஆங்கிலத்தின் வழுக்களுக்கும் இதே திறவுகோல் பயன்படும். 'என்டர் இன்டு த ரூம்' என்றும், 'ரிட்டர்ன் பேக்' என்றும், 'டிசென்டு டவுன்' என்றும் எழுதுவர். இவ்வினைகள் வழியைத் தம் வயிற்றிலேயே கொண்டிருக்கும் இலத்தீன இனத்தவை. அவற்றிற்கு வால் வேண்டா. 'கோ', 'கம்', 'ரன்', 'வாக்' என்னும் நாட்டு இனத்தவையே வால் வேண்டுவன. எந்த வினைக்கு வால் உண்டு, எதற்கு இல்லை என்பதை இவ்விரு குடிகளின் வரலாற்றைக் கூறி விளக்கினால் பதினைந்து அகவை மாணவனுக்கும் புரிகிறது. முப்பதாண்டு வகுப்பறைப் பட்டறிவால் இதனைச் சொல்கிறேன். அவ்வாறே, 'போய் வருகிறேன்' என்பதை 'ஐ வில் கோ அண்டு கம்' என்று பெயர்த்து நகைப்பிற்கு ஆளாவோர் உண்டு. போதல், திரும்புதல், வருதல் என்னும் மூன்றையும் ஆங்கிலன் 'பேக்' என்னும் ஒரே துணைக்கோளில் அடைத்து, 'ஐ வில் பி பேக்' என்று சொல்லிப் போகிறான். போகிறேன் என்று மட்டும் சொல்லிப் பிரிதல் நமக்கு ஆகாது என்பதை அவன் அறியான். சிறுசொல்லில் வரவை அடக்கிவிடலாம் என்பதை நாம் அறியோம்.

ஆசிரியப் பணியிலுள்ள அன்பர்கள் கூட்டுவினைப் பட்டியலை ஒருவாரம் மூடிவைத்துவிட்டு, பத்து ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்து, முற்றுவினையில் வழி வருமாறு தமிழாக்கச் சொல்லுங்கள். பின்னர்ப் பத்துத் தமிழ்த் தொடர்களைக் கொடுத்து, வினையில் பாங்கும் வாலில் வழியும் வருமாறு ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். எளியனவற்றில் தொடங்கிக் கடியனவற்றிற்குச் செல்க. கடியவற்றுள் ஒன்று: 'தே லாஃப்டு இம் அவுட் ஆஃப் த ரூம்'. நகைத்தல் பெயர்ச்சி வினையே அன்று. ஆயினும் ஆங்கிலன் 'அவுட்' என்பதை ஒட்டி அதனைக்கொண்டே ஒருவனை அறையினின்றும் தள்ளிவிடுகிறான். இதனை வகுப்பில் கொடுத்தபோது, 'சிரித்தே அவனை வெளியேற்றினர்' என்று ஒரு மாணவி எழுதினாள். 'நகைத்துத் துரத்தினர்' என்றான் பின்வரிசையில் இருந்த ஒருவன். அறை எங்கே என்று அவனைக் கேட்டோம். 'துரத்தியபின் அறையில் எப்படி ஐயா இருப்பான்?' என்றான்.